767-க்குள் அடங்காத பெயர்கள்

மாதனூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பா சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீ அனுப்பிய ஸ்கிரீன் படங்களைப் பார்த்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் "சரிக்கா, புரிஞ்சிடுச்சி" என்று வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் திரும்பப் படித்துப் பார்க்கவாவது செய்வாய்.

முதல் விஷயம். ஷூ கம்பெனியின் ஆட்கள் ரெஜிஸ்டரில் பெயர், ஊர் ஃபீல்டுகளிலிருந்து தமிழை எடுத்துவிட்டு இங்கிலீஷ் மட்டும் வைத்தால் இண்டெக்ஸ் ஏறிவிடும் என்று உங்கள் ஆபீசில் சொன்னார்கள் என்றாயே, ஏறாது. ஒரு பைட் கூடக் குறையாது. உன் பிழையின் எண் 1071. "ஸ்பெசிஃபைடு கீ வாஸ் டூ லாங்", உச்சம் 767 பைட் என்கிறது. அந்தக் கணக்கைப் போடும்போது மைஎஸ்க்யூஎல் டேபிளுக்குள் எட்டியே பார்ப்பதில்லை. ஃபீல்டை நீ எப்படி அறிவித்தாய் என்பதை மட்டும் பார்க்கிறது. வார்கேர் 255 என்று எழுதியிருக்கிறாய். எழுத்து வகை யூடிஎஃப்8எம்பி4. அந்த வகையில் ஒரு குறியீடு அதிகபட்சம் 4 பைட் பிடிக்கலாம். 255-ஐ 4-ஆல் பெருக்கினால் 1020. அது 767-ஐத் தாண்டுகிறது, ஆகவே மறுக்கிறது. டேபிள் காலியாக இருந்தாலும் இதே கணக்குதான். உள்ளே எல்லாப் பெயரும் இங்கிலீஷில் இருந்தாலும் 1020 தான். எழுத்து வகையையே ஆஸ்கிக்கு மாற்றினால் குறையும். அப்படி மாற்றிய பிறகு ஒரு தமிழ் எழுத்தைக்கூட அதில் வைக்க முடியாது.

தமிழ் அதிக இடம் பிடிக்கிறது என்பது மட்டும் உண்மை. அதை மறைக்கவில்லை. ஆம்பூர் பஜாரில் ஒரே கடைப் பலகையில் மூன்று எழுத்து இருக்கும், பார்த்திருப்பாய். ஆம்பூர் என்பதை யூடிஎஃப்-8-இல் இங்கிலீஷில் அடித்தால் 5 பைட். உருதுவில் அடித்தால் ஐந்தே எழுத்து, 10 பைட். தமிழில் 21 பைட். கண்ணுக்கு நாலு எழுத்து, கணினிக்கு ஏழு குறியீடு: ஆ, ம, புள்ளி, ப, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் 3 பைட். நம் மாதனூரும் அதே 7 குறியீடு, 21 பைட்.

இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. யூடிஎஃப்-8 முறையை 1992 செப்டம்பரில் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் வகுத்தார்கள். யூனிகோடு வரிசை எண்ணில் முதல் 128-க்கு ஒரு பைட், 2047 வரை இரண்டு, 65,535 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. உருது எழுத்துகள் 2047-க்குள் உட்கார்ந்துவிட்டன. தமிழ் 2944-இல்தான் தொடங்குகிறது. உயிர்மெய்யைத் துண்டாக வைக்கும் ஏற்பாடு இந்தியாவின் இஸ்கி முறையிலிருந்து வந்தது. எழுத்துக்கு ஒரு குறியீடு வேண்டும் என்று டேஸ்-16 என ஒன்றை உருவாக்கி, 2010-இல் தமிழ்நாடு அரசு அதை யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. அதில் மாதனூர் நாலே குறியீடுதான். ஆனால் அது யூனிகோடின் தனியார் பயன்பாட்டு இடத்தில் இருக்கிறது. உன் ஷூ கம்பெனி வேலைக்கு அந்தப் பக்கம் போகாதே. பையர் அனுப்பும் எந்த ஃபைலும் அதை அறியாது.

இன்னொரு வேடிக்கை. தமிழுக்கு 3 பைட் போதுமே, பிறகு எதற்கு 4 என்று கேட்பாய். மைஎஸ்க்யூஎல்லில் முதலில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் இருந்தது 3 பைட் வரைக்கும்தான். ஸ்மைலி அடித்தால் ஏற்காது. 2010-இல் 5.5.3 பதிப்போடு நாலு பைட் வகை வந்தது. ஸ்மைலிக்காக மட்டும்தான் நாலாவது பைட் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 2019-இல் யூனிகோடு 12-ஆம் பதிப்பில் தமிழின் பழைய பின்னக் குறிகளைச் சேர்த்தார்கள். முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு, அதற்கும் குறி இருக்கிறது. அவை எல்லாம் 4 பைட். பழைய நில ஆவணத்தை அச்சாக ஏற்ற வேண்டும் என்றால் தமிழுக்கும் நாலு பைட் வேண்டும். அதனால் வகையைப் பழைய மூன்று பைட்டுக்கு இறக்கிவிடலாமா என்றும் யோசிக்காதே.

இனி 767 என்ற எண். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியை எழுதியவர்கள் அதன் மூல நிரலிலேயே காரணத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு 3 பைட் என்ற காலத்தில், 256 எழுத்து வரைக்கும் இண்டெக்ஸில் போகட்டும் என்று 3 × 256 வைத்தார்கள். அது 768, அதில் ஒன்று கழித்து 767. எழுத்துக்கு 4 பைட் ஆனதும் அந்தக் கணக்கு சரிந்தது. 767-ஐ 4-ஆல் வகுத்தால் 191 முழுசாக வரும். நீ நெட்டில் எங்கே தேடினாலும் "191 போடு" என்று வருகிறதே, அந்த 191 இதுதான். வேர்ட்பிரஸ் 2015-இல் 4.2 பதிப்பில் அதைக் கைக்கொண்டது. லாரவெல் 2017-இல் 5.4-இல் எழுத்து வகையை மாற்றியதும் ஊரெல்லாம் இதே பிழை வந்து, ஊரெல்லாம் இதே மருந்தைப் போட்டார்கள்.

உன் லேப்டாப்பில் ஏறியது அந்த ஷூ கம்பெனி சர்வரில் ஏறவில்லையே, அதற்கும் காரணம் இதுதான். உன்னிடம் இருப்பது 8.0. அதில் டேபிள் வரிசையமைப்பு தானாகவே டைனமிக். அந்த அமைப்பில் உச்சம் 3072 பைட். சர்வரில் இருப்பது 5.6. அங்கே வழக்கமான அமைப்பு காம்பாக்ட், ஒரு ஃபீல்டுக்கு 767. 5.7-இல்தான் டைனமிக் இயல்பானது. இதில் ஒரு குழி இருக்கிறது, கவனி: பழைய சர்வரை 5.7-க்கோ 8.0-க்கோ ஏற்றிவிட்டால் பழைய டேபிள்கள் தாமாக மாறிவிடாது. காம்பாக்ட்டில் பிறந்தது காம்பாக்ட்டாகவே இருக்கும். ஒவ்வொரு டேபிளுக்கும் ஆல்டர் கட்டளை கொடுத்து ரோ ஃபார்மட்டை டைனமிக் ஆக்க வேண்டும். "சர்வர் புதுசு, ஏன் இன்னும் 767 கேட்குது" என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் போடாதே. அப்புறம் 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2021 பிப்ரவரியோடு நின்றுபோய்விட்டது. அதை அவர்களிடம் நீயே சொல். உங்கள் சேல்ஸ்காரர் சொல்ல மாட்டார்.

255 என்ற எண்ணை யார் உனக்குக் கொடுத்தது? 5.0.3-க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல்லில் வார்கேர் 255-க்கு மேல் போகாது. அந்தக் காலத்துக் கை, இன்னும் எல்லா ஃபீல்டுக்கும் 255 என்றே எழுதுகிறது. வார்கேரில் நீ எழுதும் எண் பைட்டும் அல்ல, நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் அல்ல. குறியீட்டு எண்ணிக்கை. 120 குறியீடு என்றால் தமிழில் சுமார் அறுபது எழுபது எழுத்து. இனிஷியலோடு, அப்பா பேரோடு, நம் பக்கத்து முஸ்லிம் வீட்டு மூன்று பகுதிப் பெயரோடு சேர்த்தாலும் அதில் அடங்கும். 120 × 4, 480 பைட். பழைய சர்வரிலும் ஏறும், தமிழும் இருக்கும்.

இவ்வளவுதான் உன் கேள்விக்குப் பதில். ஆனால் நீ அனுப்பிய இரண்டாவது படம்தான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதற்கு முன்னால், இந்த வரம்பு ஏன் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடு.

நீ படிக்கும்போது பி-ட்ரீ வரைந்திருப்பாய். ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் போயிங் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது யோசித்தது, 1972-இல் வெளியானது. இன்னோடிபியில் அதன் ஒவ்வொரு கணுவும் 16 கேபி பக்கம், அதாவது 16,384 பைட். ஒரு கீ எல்லாச் செலவும் சேர்த்து முப்பது பைட் என்றால் ஒரு பக்கத்தில் சுமார் 500 கீ நிற்கும். 500-இலிருந்து 500-க்கு, அங்கிருந்து 500-க்கு என்று மூன்றே அடுக்கில் 12 கோடி வரை எட்டிவிடலாம். கீ 3072 பைட்டும் நிரம்பி இருந்தால் ஒரு பக்கத்தில் ஐந்துதான். ஐந்தைந்தாகக் கிளை பிரிந்தால் 18 லட்சம் வரிசைக்கு ஒன்பது அடுக்கு இறங்க வேண்டும். கீ பக்கத்தின் பாதியைத் தாண்டினால் பக்கத்துக்கு ஒன்றுதான் நிற்கும். பிரிவதற்குக் கிளையே இருக்காது. வரம்பு என்று ஒன்று இல்லாமல் இந்த மரம் நிற்காது. நீளமான கீயால் வரும் தொல்லை அப்போதே தெரிந்திருக்கிறது. பேயரே 1977-இல் உன்டராவரோடு சேர்ந்து, கீயின் முன்பகுதியை மட்டும் வைத்து மரம் கட்டுவதைப் பற்றி எழுதினார்.

18 லட்சம் என்று சும்மா சொல்லவில்லை. 3,000 பேர் வேலை செய்யும் ஃபேக்டரி என்று வைத்துக்கொள். வருஷத்துக்கு 300 நாள். உள்ளே வர ஒரு பஞ்ச், வெளியே போக ஒரு பஞ்ச். வருஷத்துக்கு 18 லட்சம். ஆட்கள் டேபிள் 3,000 வரிசையோடு நின்றுவிடும், அதில் எவ்வளவு நீள கீ வைத்தாலும் உனக்கு வித்தியாசமே தெரியாது. அட்டெண்டன்ஸ் டேபிளில்தான் தெரியும். பெயர், அப்பா பெயர், ஊர், தெரு எல்லாம் சேர்ந்து தமிழில் 60 குறியீடு என்றால் 180 பைட். அதை 18 லட்சம் வரிசையிலும் சுமந்தால் 32 கோடி பைட்டுக்கு மேல். நாலு பைட் எண் ஒன்றைச் சுமந்தால் 72 லட்சம் பைட். இன்னோடிபியில் பிரைமரி கீ மற்ற எல்லா இண்டெக்ஸிலும் பிரதி ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்.

மற்ற டேட்டாபேஸ்களுக்கும் வரம்பு உண்டு. எப்போது கத்தும் என்பதில்தான் வேறுபாடு. போஸ்ட்கிரெஸ் 8 கேபி பக்கத்தில் மூன்று கீயாவது நிற்க வேண்டும் என்று கணக்கிட்டு 2704 பைட்டில் நிறுத்துகிறது. ஆனால் இண்டெக்ஸ் போடும்போது வாயைத் திறக்காது, நீளமான வரிசை வந்து விழும் அன்றுதான் பிழை சொல்லும். அதிலும் உள்ளே சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லும். ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தால் சுருங்கி உள்ளே போய்விடும், அதே நீளத்தில் வேறொன்று மாட்டிக்கொள்ளும். டெஸ்ட்டுக்கு 'அஅஅஅ' என்று அடித்து நிரப்பிப் பார்த்து "ஏறுதுக்கா" என்று சொல்லக்கூடிய ஆள் நீ. எஸ்க்யூஎல் சர்வரில் ரொம்ப காலம் 900 பைட். 2016 பதிப்பிலிருந்து நான்கிளஸ்டர்டு இண்டெக்ஸுக்கு 1700. அங்கே ஒரு எச்சரிக்கையோடு இண்டெக்ஸ் உருவாகிவிடும், நீள வரிசை வரும் நாளில் உடையும். அதுவும் சம்பளம் போடுகிற நாளாகத்தான் இருக்கும். மாங்கோடிபியின் பழைய பதிப்புகள் இன்னும் மோசம். 1024 பைட்டைத் தாண்டினால், 2.6-க்கு முன்பெல்லாம், ஆவணத்தைச் சேமித்துவிட்டு இண்டெக்ஸில் சேர்க்காமல் விட்டுவிடும். ஆள் இருப்பார், தேடினால் கிடைக்க மாட்டார்.

இவற்றோடு ஒப்பிட்டால் மைஎஸ்க்யூஎல் நல்ல பிள்ளை. முதல் நாளே மறுக்கிறது. ஸ்ட்ரிக்ட் மோடு இல்லாத பழைய சர்வரில் மட்டும் ஒன்று செய்யும்: யூனிக் இல்லாத இண்டெக்ஸாக இருந்தால் தானே 191-க்கு வெட்டிப் போட்டுவிட்டு வார்னிங் மட்டும் காட்டும். யூனிக் என்றால் வெட்டாது, பிழைதான். வெட்டினால் வேறு வேறு ஆட்கள் ஒரே ஆளாகத் தெரிவார்கள் என்ற பயம் அதற்கு இருக்கிறது. உனக்கும் இருக்க வேண்டும்.

இப்போது அந்த இரண்டாவது படம். பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், தெரு, ஊர் என்று நாலு ஃபீல்டையும் சேர்த்து ஒரே யூனிக் இண்டெக்ஸ் கேட்டிருக்கிறாய். நாலு 1020 சேர்ந்தால் 4080. உன் புது 8.0-வும் 3072-க்கு மேல் முடியாது என்கிறது. ஒவ்வொன்றையும் 191 ஆக்கினால் 3056, உள்ளே போய்விடும். அதைத்தான் செய்யப்போகிறேன் என்கிறாய். செய்யாதே. இடம் போதுவதால் மட்டும் அது சரியாகிவிடாது.

அந்த நாலு ஃபீல்டையும் ஒவ்வொன்றாகப் பார். நம் ஸ்டிச்சிங் லைனில் பாதிக்கு மேல் பெண்கள். சேரும்போது இனிஷியல் அப்பாவுடையது. கல்யாணம் ஆனதும் கணவருடையது. என் பழைய ஐடி கார்டையும் புது கார்டையும் பக்கத்தில் வைத்தால் உன் டேபிளுக்கு நான் இரண்டு பேர். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி ஆட்கள் பெயரை எடு. முகமது என்று ஒருவர் எழுதுவார், முஹம்மது என்று ஒருவர் எழுதுவார், மொஹமத் என்று ஆதாரில் ஒரு விதம், பேங்க் பாஸ்புக்கில் ஒரு விதம். எல்லாம் ஒரே ஆள். ஊர்ப் பெயரில் தமிழ் பரவாயில்லை, மாதனூருக்குத் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல்தான். இங்கிலீஷில் 'த'வுக்கு டி போடுவார்கள், டிஎச் போடுவார்கள், பஸ் பலகைகளையே பார். அதனால்தான் தமிழ் ஃபீல்டை எடுக்காதே என்று இவ்வளவு அடம்பிடிக்கிறேன்.

முகவரியில் மாவட்டத்தையும் சேர்க்கலாம் என்று ஓரத்தில் குறித்திருக்கிறாய். தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம். அப்பாவின் ரேஷன் கார்டில் வேலூர் மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து நாம் திருப்பத்தூர் மாவட்டம். வீடு ஒரு அடி நகரவில்லை. மாவட்டத்தைக் கீயில் வைத்த ஒவ்வொரு டேபிளிலும் அன்றைக்கு ஆம்பூர் தாலுகா முழுக்கப் புது ஆட்களாக ஆகியிருக்கும்.

நம் ஊரிலேயே பெரிய உதாரணம் உண்டு. தோல் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதைத் தொடர்ந்து அமைத்த ஆணையம் 2001-இல் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீடு நிர்ணயித்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அந்த இழப்பீட்டைப் பற்றி உத்தரவு போட்டது. இடையில் இருபத்து நாலு வருஷம். அந்தப் பட்டியலை ஒரு டேபிளாக நினைத்துப் பார். ஒரே ஊரில் ஒரே பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள்! எத்தனை பேர் இறந்து வாரிசுகள் வந்திருப்பார்கள், எத்தனை மகள்கள் வேறு ஊருக்குக் கல்யாணம் ஆகிப் போயிருப்பார்கள்! பெயரும் அப்பா பெயரும் தெருவும் ஊரும் சேர்ந்த 3056 பைட் கீயை வைத்து, இருபத்து நாலு வருஷம் கழித்து இவர்தான் அவர் என்று சொல்ல முடியுமா? நில சர்வே நம்பரும் உட்பிரிவும் இருந்தால் பிடி கிடைக்கும். பத்து எழுத்து கூட வராது அது.

ஃபேக்டரியில் யாராவது பெயரைக் கேட்கிறார்களா? "டோக்கன் நம்பர் என்ன?" அதுதான் முதல் கேள்வி. ஆள் சேரும்போது ஒரு நம்பர், அது பிறகு வேறு யாருக்கும் போகாது. டேனரியில் தோலுக்கும் அப்படித்தான். எந்த மண்டியில் வாங்கியது, எந்த டிரம்மில் ஊறியது என்ற கதையையெல்லாம் தோலின் மேல் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். லாட் நம்பரைக் குத்தி விடுவார்கள், கதை ரெஜிஸ்டரில் இருக்கும். உன் டேபிளுக்கும் டோக்கன் நம்பர்தான் கீ. பெயர், ஊர் எல்லாம் ரெஜிஸ்டர்.

பிஎஃப் கணக்குக்கான யூஏஎன் வைக்கலாமே என்பாய். 12 இலக்கம், குட்டிதான். ஆனால் புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு முதல் நாள் அது இல்லாமல் இருக்கலாம், பிறகுதான் வரும். அதற்குள் அட்டெண்டன்ஸ் போட வேண்டுமே. ஆதாரைக் கீயாக வைக்கவே வைக்காதே, ஒவ்வொரு டேபிளிலும் அதைப் பரப்பிவிட்டு நாளைக்கு யார் பதில் சொல்வது.

"அப்படியென்றால் நின்றுபோன ஆள் மறுபடி வேறு டோக்கனில் சேர்ந்தால் எப்படிப் பிடிப்பது?" என்று கேட்பாய். உன் நாலு ஃபீல்டு யூனிக் இண்டெக்ஸ் அதைப் பிடிக்கவும் பிடிக்காது, வேறு நல்ல ஆளைத் தடுக்கவும் செய்யும். ஒரே தெருவில் ஒரே பெயரில், அப்பா பெயரும் ஒன்றாக, இரண்டு பேர் இருப்பது நம் பக்கம் அபூர்வமா? தாத்தா பேரை வைப்பதே நம் வழக்கம். பெயர் மேல் யூனிக் இல்லாத சாதாரண இண்டெக்ஸ் ஒன்று போடு. புது ஆள் சேர்க்கும்போது அதே பெயர், அதே பிறந்த தேதி உள்ளவர்களைத் திரையில் காட்டு. டைம் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

தேடுவதற்கு முன் ஒரு சுத்தம் தேவை. சோமலாபுரம் என்பதில் முதல் எழுத்தை இரண்டு விதமாக அடிக்கலாம். 'ச'வுக்குப் பிறகு ஓகாரக் குறியை ஒன்றாகவும் அடிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. உள்ளே ஒன்று 10 குறியீடு, 30 பைட். மற்றது 11 குறியீடு, 33 பைட். பைனரியாக ஒப்பிட்டால் வேறு வேறு ஊர். பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை யூனிகோடுக்கு மாற்றி ஏற்றும்போது இது நிறைய வரும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும். சேமிக்கும் முன் அந்தக் குறிகளை நீக்கி, எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடு. இரண்டு வரி கோடு.

இன்னொன்று, லாட் டேபிளில் ஆர்ட்டிகிள் விவரத்துக்கு ப்ரிஃபிக்ஸ் இண்டெக்ஸ் போட்டிருக்கிறாய், முதல் 40 குறியீடு மட்டும். வழி தெரிந்து செய்திருக்கிறாய், சந்தோஷம். ஆனால் அந்த விவரங்களைப் படித்துப் பார்த்தாயா? பையர் பெயர், சீசன், கோட் ஸ்வேட் அல்லது ஷீப் நாப்பா என்று ஆரம்பம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். நிறமும் கனமும் வாலில் வரும். முதல் 40-இல் நூறு ஆர்ட்டிகிளும் ஒன்றாகவே தெரியும், இண்டெக்ஸ் இருந்தும் ஒவ்வொன்றாகத்தான் திறந்து பார்க்க வேண்டும். அதன் மேல் யூனிக் போட்டால் இன்னும் மோசம், கறுப்பை ஏற்றிய பிறகு டேன் நிறத்தை ஏற்றவே விடாது. முன்பகுதி எவ்வளவு போதும் என்பதை, லெஃப்ட் ஃபங்ஷனால் வெட்டி எத்தனை தனி மதிப்பு வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே வால் வரைக்கும் போகாமல் போதாது.

ஆர்ட்டிகிளுக்குத் தனி மாஸ்டர் டேபிள், அதில் ஒரு எண் கோடு. அதுவே போதும். பையர் அனுப்பும் அந்த நீள விவரத்தை அப்படியே சரிபார்த்தாக வேண்டும் என்று அவர்கள் அடம்பிடித்தால் ஷா-256 ஹாஷ் எடுத்து ஒரு ஜெனரேட்டட் ஃபீல்டில் வைத்து, அதன் மேல் யூனிக் போடு. விவரம் எவ்வளவு நீளமானாலும் ஹாஷ் 32 பைட்தான். ஆனால் பைனரி 32 என்று அறிவி. 64 எழுத்தாக வார்கேரில் வைத்தால் மறுபடியும் 64 × 4, 256 பைட் என்று கணக்குப் போடும். ஹாஷ் வைத்து "கோட் ஸ்வேட் என்று தொடங்குவதெல்லாம் காட்டு" என்று கேட்க முடியாது, அப்படியே முழுசாக ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் கேட்கலாம். 5.6-இல் ஜெனரேட்டட் ஃபீல்டு கிடையாது என்பதையும் நினைவில் வை. அங்கே ட்ரிகர் எழுத வேண்டிவரும். சர்வரை மாற்றச் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

உங்கள் டீம் லீடிடம் இதையெல்லாம் அக்கா சொன்னாள் என்று சொல்லாதே. வருத்தப்படுவார். அந்த 5.6 சர்வரில் தமிழில் ஒரு வரி கூட இல்லாத காலி டேபிளை உருவாக்கி, அதில் 255-க்கு இண்டெக்ஸ் கொடுத்து, அதே பிழை வருவதை அவர் கண்ணெதிரிலேயே காட்டு. பிறகு 120-க்குக் குறைத்துக் காட்டு. பேச்சே வேண்டியிருக்காது.

சனிக்கிழமை இங்கே இருப்பதாக இருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி ஆம்பூரில் இறங்கு, மாமா வண்டியோடு வருவார். டேபிள் வரைவைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டு வா, ஷோ கிரியேட் டேபிள் கொடுத்து வருவதை அப்படியே காப்பி எடுத்துவிடு, ரோ ஃபார்மட் என்னவென்று அதில் இல்லையென்றால் ஷோ டேபிள் ஸ்டேட்டஸிலும் பார்த்துக் குறித்துக்கொள். அம்மாவுக்கு அந்த முழங்கால் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா. இங்கே ஸ்டாக் இல்லையாம்.

அன்புடன்,
உன் அக்கா